தன் பெயருக்கே எழுதும் மருந்துச்சீட்டு

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில், இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள் இருக்கின்றன. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த அவர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவச் சாலையை நடத்தியவர். பல முறைகளைச் சேர்ந்த வைத்தியர்களைக் கூட்டி, மருந்துகளைச் சோதிக்கவும் எழுதிவைக்கவும் செய்தவர். அந்தக் குறிப்பேடுகளில் வந்தவர் யார், கண் எந்த நிலையில் இருந்தது, என்ன சிகிச்சை நடந்தது என்பவை பதிவாகியிருக்கின்றன. நோயுற்ற கண்ணின் படங்களும் உண்டு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து இன்றைய கண் மருத்துவர்கள் அவற்றைப் படித்து ஆய்வுக் கட்டுரை எழுத முடிகிறதென்றால், பார்த்ததைப் பார்த்தபடி யாரோ எழுதிவைத்ததால்தான்.

இன்று காவிரிப் படுகையில் ஏதோ ஒரு பதிவு இல்லாத நோயாளி அரிது. ராஜா மிராசுதார் மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணிக்கும், தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. வரிசையில் நிற்பவருக்கும், ஒரத்தநாட்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்குபவருக்கும் ஒரு சீட்டோ அட்டையோ இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார், போன மாதத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்கிறார். நாற்று நடப் போகும் அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கிறது. மருத்துவரிடம் கேட்கத்தான் ஆள் இல்லை. அவருக்கும் இரத்த அழுத்தம் உண்டு, சர்க்கரை உண்டு. மேசை இழுப்பறையில் சாம்பிள் அட்டை கிடக்கும். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் ஒரு மாத்திரையைப் பிய்த்துத் தண்ணீர் குடித்துவிடுவார். எந்தத் தாளிலும் அது ஏறாது.

மருத்துவர் தமக்குத் தாமே மருந்து எழுதிக்கொள்ளலாமா என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். தலைவலிக்கு ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொள்வதைப் பற்றி யாரும் வழக்காட வேண்டியதில்லை. அதை ஊரே செய்கிறது. காரணம் தெரியாத காய்ச்சலுக்கும், ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்க்கும், தூக்கத்துக்கும் மனத்துக்கும் கடும் வலிக்குமான மருந்துகளுக்கும் தன் கையெழுத்தே தனக்குப் போதும் என்று ஒரு மருத்துவர் இருந்துவிடுவதுதான் ஆபத்து. அந்த ஆபத்து அவரோடு முடிவதும் இல்லை.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் மாணவப் பருவத்திலேயே. இந்திய மருத்துவக் கல்லூரிகளில் நடந்த ஆய்வுகள் பலவும் மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் தாங்களாகவே மருந்து எடுப்பது மிகச் சாதாரணம் என்றே காட்டுகின்றன. விடுதி அறையில் ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, அறைத் தோழன் ஊசி குத்தி, காய்ச்சலோடு படுத்திருக்கும் ஹவுஸ் சர்ஜன் என்பது மருத்துவக் கல்லூரி விடுதியில் இருந்த எவருக்கும் தெரிந்த காட்சி. மறுநாள் டியூட்டிக்குப் போக வேண்டும். வார்டில் படுத்தால் தெரிந்தவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். விடுப்புக் கேட்டால் யூனிட் தலைவரின் முகம் மாறும். இருபத்து மூன்று வயதில் இப்படிப் பழகுபவர் ஐம்பத்து மூன்றில் மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர். பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றையும் மேலும் நான்காக விரித்து உரை எழுதினார். நோயாளிக்கு அவர் வகுக்கும் கடமைகளில் தன் நிலையை உள்ளபடி எடுத்துச் சொல்வது ஒன்று, மருத்துவர் சொல்வழி நிற்பது இன்னொன்று. மருத்துவருக்கு வேண்டியவற்றில் முதலில் வருவது நோயைக் கண்டு அஞ்சாமை. தனக்குத் தானே மருந்து எழுதும் மருத்துவரை இந்த உரையின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அவர் யாரிடம் தன் நிலையை எடுத்துச் சொல்வார்? யார் சொல்வழி நிற்பார்? தன் நெஞ்சிலேயே வலி வந்திருக்கும்போது அஞ்சாமல் எப்படி இருப்பார்? அடுத்தவரின் இ.சி.ஜி. தாளில் ஒரு கணத்தில் மாரடைப்பைக் கண்டுபிடிப்பவர், தன் மார்வலியை வாயுத் தொல்லை என்று முடிவுகட்டி பான்டோப்ரசோல் விழுங்கிக் காத்திருப்பார். அவருக்கு அறிவில் குறையொன்றும் இல்லை. இது வேறொன்றாக இருந்துவிடக் கூடாதே என்ற ஆசை அறிவை முந்திக்கொள்கிறது. சில மருத்துவர்கள் இதற்கு நேர் எதிர். சிறு கட்டிக்கும் புற்றுநோய் என்று நடுங்கி, ஊரிலுள்ள ஸ்கேன் அத்தனையும் எடுத்துவிடுவார்கள். இரண்டும் பயம்தான்.

மேற்குலக மருத்துவர்களும் இதை வெகு காலம் முன்பே உணர்ந்திருந்தார்கள். இங்கிலாந்தில் தாமஸ் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட மருத்துவ அற நூலும், அதைப் பின்பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847இல் வகுத்த விதித்தொகுப்பும் நோயுற்ற மருத்துவர் இன்னொரு மருத்துவரை நாட வேண்டும் என்றே கூறின. மனைவி மக்களுக்கு நோய் வந்தால் உண்டாகும் கவலை தீர்ப்பறிவை மங்கச் செய்யும் என்பதும் அவற்றில் அடக்கம். “அம்மாவுக்கு நானே எழுதிக் கொடுத்துடுறேன்” என்று சொல்லாத மருத்துவர் வீடு நம் பக்கத்தில் ஏது? பிள்ளை எழுதிய மருந்து என்பதாலேயே அது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அம்மா வெளியே சொல்ல மாட்டார்.

காவிரிப் படுகையில் இந்தப் பேச்சுக்குத் தனியான அவசரம் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்து சம்பா வயல்களில் நீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் மருத்துவமனைகளில் காய்ச்சல் கூட்டம் நிரம்பி வழியும். டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் எல்லாமே முதல் மூன்று நாள் ஒரே முகத்தோடுதான் வரும். மருத்துவரும் அதே கொசுவின் ஊரில், அதே தண்ணீர் தேங்கிய தெருவில் வாழ்பவர். காய்ச்சல் வந்ததும் அவர் கை போவது வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கும் உடல்வலிக்கான டைக்ளோஃபெனாக்குக்கும். வந்தது டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். இதைத் தம் நோயாளிகளிடம் தினமும் எச்சரிப்பவர் அவரேதான்.

உண்ணிக் காய்ச்சலின் கதை இன்னும் தெளிவு. புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பருவம் கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோலக் கருகிய பொருக்கு ஒன்று பலருக்கு உண்டாகும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் நோயைப் பெரும்பாலும் கண்டுபிடித்த மாதிரிதான். ஆனால் அது வலிக்காது, அரிக்காது. அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்கு அடியில், முதுகில் ஒளிந்திருக்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நம் ஊரில் சொல்வது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. சட்டையைக் கழற்றச் சொல்லி, திரும்பி உட்காரச் சொல்லி, விளக்கு வெளிச்சத்தில் தேடிப் பார்க்க இன்னொருவர் வேண்டும். இந்தக் கிருமி டாக்சிசைக்ளினுக்கும் அசித்ரோமைசினுக்கும் பணியும். செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் வகைகளுக்கு அசையாது. முற்றிய நிலையில் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். அந்த நிலைக்குப் போனவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பதே தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று 2023இல் நிறுவிய பெரிய ஆய்வு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்திய மருத்துவமனைகளில் நடத்தியது. உலகத்துக்கே வழிகாட்டும் மருத்துவம் இருநூறு மைல் தொலைவுக்குள் இருக்கையில், பொருக்கு எங்கே என்று பார்க்க ஆளில்லாமல் ஒரு மருத்துவர் தவறான மாத்திரையோடு ஐந்து நாளைக் கழிப்பது எவ்வளவு பெரிய வீண்!

நெல் விளையும் ஈர மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் இதைவிடக் கொடியது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிக்கும். காசநோய் போலவும் நிமோனியா போலவும் வேடம் போடும். ஊசி மருந்து பத்துப் பதினான்கு நாளாவது, பின் மாத்திரை மூன்று மாதம் என்பது இதன் சிகிச்சை. கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகும். முன்பே ஏதோ ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டு வருபவரின் இரத்தத்தில் கிருமி வளராமலே போகலாம். காசநோயும் அப்படியே. லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசக் கிருமியைச் சற்று அடக்கி, இருமலைக் குறைத்து, நோயறிதலைத் தள்ளிப்போடும். வார்டில் சுற்றும் மருத்துவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்புப் பொதுமக்களைவிட அதிகம். அவர் தம் இருமலைத் தாமே அடக்கிக்கொண்டு அறுபது பேரைப் பார்த்தால், மூச்சு வாங்கிக் காத்திருக்கும் அந்த அறுபது பேரும் அவருடைய சீட்டுக்கு விலை கொடுக்கிறார்கள்.

இந்தியா முழுவதுமே இந்தப் பாடத்தை ஒரு முறை கண் முன்னால் பார்த்தது. 2020 மார்ச் நான்காம் வாரத்தில், கொரோனா வராமல் தடுக்க சுகாதாரப் பணியாளர்கள் ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவுரை வெளியிட்டது. முதல் நாள் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு ஏழு வாரம் வாரம் ஒரு முறை 400 மில்லிகிராம். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே தர வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. மருந்தை எடுக்கப்போகிறவரே பதிவுபெற்ற மருத்துவராக இருந்தால் அந்த நிபந்தனை யாரைத் தடுக்கும்? மருந்துக் கடைகளில் தட்டுப்பாடு வந்தது. மூட்டுவாத நோயாளிகளும் லூபஸ் நோயாளிகளும் தங்கள் அன்றாட மாத்திரைக்கு அலைந்தார்கள். மார்ச் 26 அன்று மத்திய அரசு அந்த மருந்தின் விற்பனையை மருந்து விதிகளின் எச்-1 அட்டவணைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த மாத இறுதியில் அசாமில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் அந்த மாத்திரையை எடுத்திருந்த நிலையில் மாரடைப்பால் இறந்தார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. மாத்திரைதான் காரணம் என்று நிறுவப்படவில்லை; அப்படிச் சொல்வது அறமும் ஆகாது. ஆனால் இந்த மருந்து இதயத் துடிப்பின் மின் ஒழுங்கை மாற்றக்கூடியது, அசித்ரோமைசினோடு சேர்ந்தால் அபாயம் கூடும் என்பது அப்போதே தெரிந்த செய்தி. எடுப்பதற்கு முன் ஒரு இ.சி.ஜி. எடுத்தீர்களா என்று அன்று எத்தனை மருத்துவர்களிடம் இன்னொரு மருத்துவர் கேட்டிருப்பார்? 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், கொரோனாவைத் தடுக்க இந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆம் விதி மருந்துச்சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், மருத்துவர் கையெழுத்தும் தேதியும் வேண்டும், யாருடைய சிகிச்சைக்கோ அவர் பெயரும் முகவரியும் வேண்டும், மொத்த அளவும் வேண்டும். எழுதுபவரும் பெறுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற சொல் அங்கே இல்லை. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையில் காசநோய் மருந்துகள், வீரியமான ஆன்டிபயாடிக்குகள், அல்ப்ரசோலம், டயசிபாம், சோல்பிடெம், டிரமடால் எல்லாம் அடக்கம். கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதியவர் பெயரையும் நோயாளி பெயரையும் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் வந்தால் கேட்கும் துணிச்சல் எந்தக் கடைக்காரருக்கு வரும்? அவர் கடைக்குச் சீட்டு வருவதே அந்த மருத்துவரின் கையிலிருந்துதான்.

கடைக்கே போகாமலும் முடியும். மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து தரும்போது விற்பனை உரிமம் தேவையில்லை என்று அதே விதிகளின் ‘கே’ அட்டவணை விலக்களிக்கிறது. மெடிக்கல் ஷாப் இல்லாத கிராமங்களில் இந்த விலக்கு உயிர் காத்தது. அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் கிளினிக் அலமாரியின் சாவி மருத்துவரின் சட்டைப்பையில் இருக்கிறது. போதாததற்கு மருந்துக் கம்பெனி ரெப் கொண்டுவந்து வைக்கும் சாம்பிள்கள். 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறித்தொகுப்பு ஒரு மருந்தின் சாம்பிள் ஒரு மருத்துவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு பொதிக்கு மேல் போகக் கூடாது என்றும், தூக்க மருந்து, மன அமைதி மருந்து வகைகளைச் சாம்பிளாகத் தரவே கூடாது என்றும் வரம்பு கட்டியிருக்கிறது. நல்ல வரம்புதான்; ஆனால் அதைக் காப்பது கம்பெனிகளின் பொறுப்பு என்று மருத்துவர் ஒதுங்கிவிடக் கூடாது.

மருத்துவர்களின் நடத்தையை ஆளும் 2002ஆம் ஆண்டு விதிகளும் இந்த விஷயத்தில் வெளிப்படையான தடை எதையும் வைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. ஆகவே பழையதே நடப்பில் இருக்கிறது. அந்தப் பழைய விதிகளில் உடன் மருத்துவருக்கும் அவர் குடும்பத்துக்கும் கட்டணமின்றிச் சிகிச்சை செய்வதை மகிழ்ச்சியாகவும் பேறாகவும் கருத வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. அழகான மரபு. ஆனால் நடைமுறையில் அதுவே ஒரு தடையாகிறது. காசு வாங்க மாட்டார் என்று தெரிந்த மருத்துவரிடம் இரண்டாம் முறை போகக் கூச்சம் வரும். வரிசையில் உட்கார்ந்தால் அவர் பதறி உள்ளே அழைப்பார். அழைத்தால் வெளியே காத்திருக்கும் நோயாளிகள் முணுமுணுப்பார்கள். அதனால் சீட்டுப் போடாமல், வராந்தாவில் நடந்துகொண்டே, “சார், பிரஷர் கொஞ்சம் ஏறுது, டெல்மிசார்ட்டன் நாற்பதை எண்பதாக்கிடவா?” என்று கேட்பார். “ஆக்கிடுங்க டாக்டர்” என்று பதில் வரும். கை நாடியைத் தொடவில்லை, சிறுநீரகப் பரிசோதனை கேட்கவில்லை, எதுவும் எழுதப்படவில்லை. இப்போது வாட்ஸ்அப்பிலும் இது நடக்கிறது. இதுவும் தனக்குத் தானே எழுதிக்கொள்வதுதான். இன்னொருவர் தலையாட்டினார் என்பது மட்டுமே வேறுபாடு. மருத்துவர்கள் மருத்துவர்களிடம் கட்டணம் கொடுத்துச் சிகிச்சை பெறும் வழக்கம் வரவேண்டும். காசு கொடுத்தவருக்கே கேள்வி கேட்கவும், மறுபடி வரவும் உரிமை தோன்றும். காசு வாங்கியவருக்கும் முழுதாகப் பார்க்கும் கடமை தோன்றும்.

தூக்க மாத்திரை, வலி ஊசி விஷயத்துக்கு வரும்போது பேச்சு கடுமையாகத்தான் வேண்டும். 1884இல் கார்ல் கொல்லர் கொக்கெய்ன் சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று கண்டறிந்தார். நியூயார்க்கில் இளம் அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் உடனே அதை நரம்பு மரப்புக்குப் பயன்படுத்தத் தம் மீதும் உடன் வேலை செய்தவர்கள் மீதும் செலுத்திப் பார்த்தார். அடிமையானார். சிகிச்சைக்காக மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். கொக்கெய்னை விடுவிக்க மார்ஃபின் கொடுக்கப்பட்டது, பிறகு மார்ஃபின் விடவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் முதல் தலைமை அறுவை மருத்துவராகி, அறுவை அரங்குக்கு ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து, ஒரு தலைமுறையையே பயிற்றுவித்து 1922இல் மறைந்த அவருடைய மார்ஃபின் பழக்கம், நண்பர் வில்லியம் ஆஸ்லர் பூட்டி வைத்துப்போன குறிப்பு 1969இல் திறக்கப்பட்ட பிறகே உலகுக்கு வெளிப்படையாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய மேதைக்கே கைக்கெட்டிய மருந்தும் கேட்க ஆளில்லாத நிலையும் சேர்ந்தபோது தப்ப வழியில்லாமல் போனது. மயக்க மருந்தும் வலி மருந்தும் அன்றாடம் கையில் புழங்கும் துறைகளில் இந்த ஆபத்து இன்றும் உலகெங்கும் பேசப்படுகிறது. நம் ஊர்களில் அது அல்ப்ரசோலம் கால் மில்லிகிராமில் தொடங்கும். இரவுப் பணி முடிந்து தூக்கம் வரவில்லை என்று ஒன்று. சில வாரத்தில் அது போதாமல் இரண்டு. பல மாதம் எடுத்துவிட்டு ஒரு நாள் வைராக்கியத்தில் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். இறங்குவதற்கும் படிப்படியாக இறக்கிவிட இன்னொருவர் வேண்டும்.

இங்கிலாந்தில் ஹரால்ட் ஷிப்மன் வழக்கு இதற்கு ஒரு கொடூரமான முன்கதை. பெதிடின் ஊசியைத் தம் பழக்கத்துக்காக நோயாளிகள் பெயரில் பொய்ச் சீட்டெழுதி வாங்கியதற்கு 1976இல் அவருக்கு அபராதம் விதித்துத் தொழிலில் தொடர விட்டார்கள். 2000இல் பதினைந்து நோயாளிகளைக் கொன்றதாக அவர் தண்டிக்கப்பட்டார். விசாரணை ஆணையம் கண்ட எண்ணிக்கை இருநூற்றைத் தாண்டியது. தமக்குத் தாமே மருந்து எழுதுகிறவர்கள் எல்லாம் ஷிப்மன்கள் என்பதற்காக இதை இங்கே சொல்லவில்லை. தொழிலுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு எவ்வளவு விலை இருக்க முடியும் என்பதற்காகச் சொல்ல நேர்கிறது. அந்த ஆணையத்தின் நான்காம் அறிக்கை, 2004இல், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கென்றே தனியாக எழுதப்பட்டது. இன்று பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் தனக்கும் தனக்கு நெருங்கியவர்களுக்கும் மருந்து எழுதுவதை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறியும் ஏறத்தாழ அதே. அவசரத்துக்கும், வேறு மருத்துவர் இல்லாத இடத்துக்கும், சின்னஞ்சிறு கோளாறுக்கும் விலக்கு உண்டு.

விலக்கு வேண்டியதுதான். 1961 ஏப்ரலில் அண்டார்டிகாவின் சோவியத் நிலையத்தில் ஒரே மருத்துவராக இருந்த லியோனிட் ரோகசோவ் தம் குடல்வாலைத் தாமே அறுத்தெடுத்தார். வேறு வழியில்லை. நம் பக்கமும் அப்படி நாட்கள் வந்திருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் கரையில் ஏறியபோது தென்னைகளும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. பல கிராமங்கள் நாள் கணக்கில் வெளியுலகம் இன்றி இருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் காலில் ஆணி ஏறிய மருத்துவர் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டு அடுத்தவரைக் கவனிக்கப் போவதில் என்ன குற்றம்? போட்டுக்கொண்டதைத் தேதியிட்டு எழுதிவைத்து, சாலை திறந்ததும் இன்னொரு மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆராய்ச்சிக்காகத் தம்மீது சோதித்தவர்களைத் தனக்குத் தானே மருந்து எழுதிக்கொள்வதற்குச் சான்றாகக் காட்டுவதும் பொருந்தாது. 1984இல் ஹெலிகோபாக்டர் கிருமிக் கரைசலைக் குடித்து, பின்னால் 2005இல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரேலியர் பாரி மார்ஷலுக்குக்கூட எண்டாஸ்கோப்பி செய்து பார்த்தவர் இன்னொரு மருத்துவர்.

மருத்துவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். கும்பகோணத்தை அடுத்த சருக்கையில் 1882இல் பிறந்த டாக்டர் ரங்காச்சாரியின் சிலை சென்னை அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. விடியுமுன் தொடங்கி நள்ளிரவு வரை உழைத்தவர், வெளியூர் நோயாளிகளைப் பார்க்கத் தாமே விமானம் வைத்துக்கொண்டவர், 1934இல் ஐம்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் மறைந்தவர். இந்த மண்ணில் மருத்துவரைப் புகழும்போதெல்லாம் ஓய்வறியாதவர் என்றே புகழ்கிறோம். அந்தப் புகழ் அவர்மேல் சுமையாகவும் இறங்குகிறது. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தாலும் வெளியே எழுபது பேர் நிற்கிறார்கள். டாக்டருக்கே உடம்பு சரியில்லையாம் என்று ஊரில் பேச்சு வந்தால் கூட்டம் குறையும் என்ற அச்சமும் உண்டு. மன்னார்குடி, பட்டுக்கோட்டை அளவு ஊரில் ஒரு மருத்துவர் மனநல மருத்துவரின் வாசலில் நின்றால் அன்று மாலைக்குள் கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியம் காக்கப்படுவதை உரிமையாக்கியிருக்கிறது. சட்டம் இருந்தாலும் கடைத்தெரு அதைப் படிப்பதில்லை. அதனால்தான் இழுப்பறை மாத்திரை அத்தனை வசதியாக இருக்கிறது.

இந்த அச்சங்களுக்கு வழி இல்லாமல் இல்லை. தஞ்சை மருத்துவர் திருச்சியிலோ மதுரையிலோ ஒருவரைத் தமக்கென்று வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறினால் போய்ச் சேரும் தூரம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனஸ் உதவி எண் 14416இல் மருத்துவரும் பேசலாம். இலண்டனில் 2008 முதல் மருத்துவர்களுக்கென்றே தனி இரகசியச் சிகிச்சைத் திட்டம் நடக்கிறது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் முயன்றால் இங்கேயும் அப்படி ஒன்றை அமைக்க முடியும். 2002 விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியைக் கேட்கின்றன. அதில் இரண்டு மணி நேரம் மருத்துவரின் சொந்த உடல்நலத்துக்கு ஒதுக்கினால் எந்த மருந்துக் கம்பெனி அரங்கமும் குறைந்துவிடாது.

புதிய நடத்தை விதிகளைத் தேசிய மருத்துவ ஆணையம் மறுபடி எழுதும்போது ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும்: போதை மருந்து, மனத்தைப் பாதிக்கும் மருந்து, எச்-1 அட்டவணை மருந்து ஆகியவற்றை மருத்துவர் தமக்கோ தம் வீட்டாருக்கோ எழுதக் கூடாது, அவசரத்தில் எழுதினால் காரணத்தைப் பதிந்து, கிடைக்கும் முதல் வாய்ப்பில் இன்னொரு மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் ஹவுஸ் சர்ஜன்களுக்குப் பணியில் சேரும் நாளிலேயே ஒரு மருத்துவரை ஒதுக்கி, நோய்க்கு விடுப்பு எடுப்பதை இழிவாகப் பார்க்காத வழக்கத்தை உண்டாக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தொழில் செய்யும் மருத்துவர்களிடம் இந்த அவை வேண்டிக்கொள்வது இது: மழைக்காலக் காய்ச்சல் தொடங்குமுன் உங்களுக்கென்று ஒரு மருத்துவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஒரு கேஸ் ஷீட் திறக்கச் சொல்லுங்கள், இப்போது விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் அதில் எழுதச் சொல்லுங்கள், கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.